அந்த ரிஃப்புக்குப் பின்னால் எந்த ஆம்ப்? காதால் துப்புத் துலக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்க மெட்டல் குழுவான பான்டேராவின் கிட்டார் ஒலி, கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) வந்ததுதான் என்று வருடக்கணக்கில் அடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அவ்வளவு கனமும் கடியும் டிரான்சிஸ்டரில் வராது என்பது என் கட்சி. பிறகுதான் தெரிந்தது, 1990-இல் வந்த 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்' ஆல்பத்தில் அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் டைம்பேக் டாரல் வாசித்தது ராண்டால் ஆர்ஜி100இஎஸ் என்ற ஆம்பில் என்று. அதற்குள் கண்ணாடி வால்வு ஒன்றுகூடக் கிடையாது. 1992-இல் வந்த 'வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்' ஆல்பத்திலும் அதே ராண்டால் கதைதான்.

அன்றைக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், நான் எங்கே சறுக்கினேன் என்பது தெளிவாகத் தெரிகிறது. காதில் விழுந்ததை எல்லாம் ஆம்பின் கணக்கில் எழுதிவிட்டேன். ரெக்கார்டில் கேட்கும் கிட்டார் ஒலி ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி. விரல், கிட்டார், பெடல் (காலால் தட்டி ஒலியை மாற்றும் பெட்டி), ஆம்ப், ஸ்பீக்கர், மைக், மிக்ஸ் (எல்லா ஒலிகளையும் கலப்பது), மாஸ்டரிங் (கலந்ததைக் கடைசியாகச் சீராக்குவது) என்று அது வருகிறது. இதில் ஆம்ப் நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஆம்பைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மிச்சம் என்ன என்று கடைசியில்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கழித்தல் வேலையைப் பற்றியதுதான்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"மெட்டாலிகா என்ன ஆம்ப் பயன்படுத்துகிறார்கள்?" என்பது பதில் சொல்ல முடியாத கேள்வி. எந்த ஆல்பம்? எந்தப் பாட்டு? ரிதமா (பாட்டைத் தாங்கும் அடிப்படை வாசிப்பு), சோலோவா? இடது காதில் வருவதா, வலது காதில் வருவதா? ஒரே ஆல்பத்தில் ரிதத்துக்கு ஒரு ஆம்ப், சோலோவுக்கு வேறொன்று, சுத்தமான ஒலிக்கு மூன்றாவது என்று இருப்பது சாதாரணம். இரண்டு கிட்டார்க்காரர்கள் உள்ள இசைக்குழுவில் இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் இன்னொருவர், ஆளுக்கொரு ஆம்ப் என்றும் இருக்கலாம். சில நேரம் ஒரே ஆள் எல்லா ரிதத்தையும் வாசித்திருப்பார். மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்தின் ரிதம் கிட்டார்களை வாசித்தது ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு. அங்கே இடது ஒருவர், வலது ஒருவர் என்று பிரித்துத் தேடினால் வழி தவறிவிடுவீர்கள்.

அதனால் முதலில் ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: இந்த ஆல்பம், இந்தப் பாட்டு, இந்த நிமிடம், இந்தப் பக்கத்து ரிதம் கிட்டார். அதற்கு மட்டும் பதில் தேடுங்கள்.

எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் மெட்டல் குழுவான மெஷுகாவின் 'நத்திங்' 2002-இல் வந்தது. 2006-இல் அதே ஆல்பம் மறுபடி வந்தபோது ரிதம் கிட்டார்களை எட்டுக் கம்பி கிட்டாரில் புதிதாகவே வாசித்துப் பதிந்திருந்தார்கள். அட்டையில் ஒரே பெயர், உள்ளே வேறு கிட்டார். எந்த வருடப் பதிப்பு என்று சொல்லாமல் இதைப் பற்றி இருவர் வாதாடினால் விடிய விடிய முடியாது. மாஸ்டரிங்கும் அப்படித்தான். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' 2008-இல் வந்தபோது சத்தத்தை அளவுக்கு மீறி நசுக்கியிருக்கிறார்கள் என்று பெரிய புகார் எழுந்தது. அந்தப் பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டுக்காகத் தனியே வந்த வடிவத்தில் அந்த நசுக்கல் குறைவு. ஆம்பின் இயல்பைக் கேட்க அதுவே வசதி.

எங்கே காதை வைப்பது

பாட்டு முழுக்கக் கேட்டுப் பயனில்லை. டிரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் சேர்ந்த இடத்தில் கிட்டாரின் பாதி ஒலி மறைந்துபோகும். இரண்டு இடங்களைத் தேடுங்கள்.

முதலாவது, கிட்டார் தனியாக வரும் தொடக்கம். பல மெட்டல் பாட்டுகளில் மற்றவர்கள் சேருமுன் ஒரு பக்கம் மட்டும் கிட்டார் இரண்டு மூன்று நொடி ஒலிக்கும். அந்த மூன்று நொடி தங்கம். அதை மட்டும் வெட்டியெடுத்து நாற்பது முறை சுற்றவிடுங்கள்.

இரண்டாவது, பாட்டின் கடைசிக் கார்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கடைசி அடி விழுந்து ஒலி மெல்லத் தேயும்போது எல்லாம் அம்பலமாகிவிடும். கெய்ன் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) குறைவாக வைத்த பழைய வகை ஆம்பாக இருந்தால், ஒலி தேயத் தேயக் கரகரப்பு விலகி சுத்தமான கம்பியோசை எட்டிப் பார்க்கும். கெய்ன் மிக அதிகமான ஆம்பாக இருந்தால் சத்தம் வெகுநேரம் ஒரே தடிமனில் நிற்கும், பிறகு உதிர்ந்ததுபோல் அறுந்துபோகும், பின்னால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மிஞ்சும். அந்த இரைச்சலும் இல்லாமல் கத்தியால் வெட்டியதுபோல் மௌனம் வந்தால் நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் ஒலியையே மூடிவிடும் கருவி) போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மாட்டிக் கேட்பது பழைய உத்தி, இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. ரிதம் கிட்டார்களை இடது ஓரம், வலது ஓரம் என்று தள்ளி வைப்பதுதான் மெட்டலில் வழக்கம் என்பதால், ஒரு பக்கத்தை மூடினால் பாதிக் கூட்டம் வெளியேறிவிடும். இப்போது கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பயன்படுத்துங்கள், ஆனால் அவற்றின் மேல்சுருதிப் பகுதியை நம்பாதீர்கள். சிம்பலின் தூசி கிட்டாரில் ஒட்டிக்கொள்ளும், கிட்டாரின் ஓரம் சிம்பலோடு போய்விடும். அப்படிப் பிரித்த ஒலியில் கேட்ட ஒரு விசித்திரமான சீறலை ஆம்பின் குணம் என்று நினைத்து இரண்டு வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

இனி கழித்தல்

ட்யூனிங்கில் தொடங்குங்கள். வழக்கமான ட்யூனிங்கில் ஆறு கம்பி கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். பிளாக் சப்பாத்தின் கிட்டார்க்காரர் டோனி அயோமி 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். அது சுமார் 69 ஹெர்ட்ஸ். தளர்ந்த கம்பி வேறு மாதிரி அதிரும், அடிக்கும்போது சற்றே மேலே போய் இறங்கும். அந்தச் சேற்றுக் கனத்தை ஆம்பின் தலையில் கட்டாதீர்கள். முதல் ஆல்பங்களில் அவரிடம் இருந்தது லேனி சூப்பர்குரூப் ஆம்பும், அதற்கு முன்னால் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரும். பூஸ்டர் கீழ்ச்சுருதியைக் குறைத்து மேலே உந்தும் கருவி. 'உலகின் கனமான டோன்' என்று பெயர் வாங்கிய ஒன்று, ட்ரெபிளை ஏற்றித்தான் பிறந்திருக்கிறது. கனம் எங்கிருந்து வந்தது? விரலிலிருந்தும், கட்டை விரல் கனத்தில் கூடவே ஓடும், அதே குழுவின் கீசர் பட்லரின் பேஸிலிருந்தும்.

பேஸ் கிட்டார்தான் அடுத்தது. நீங்கள் கிட்டார் ஆம்பின் அடித்தளம் என்று நினைப்பதில் பெரும்பகுதி பேஸாகத்தான் இருக்கும். மிக்ஸ் செய்பவர்கள் கிட்டாரின் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு அந்த இடத்தைப் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் கொடுப்பார்கள். தனியாகப் பிரித்துக் கேட்டால் பல புகழ்பெற்ற கிட்டார் டிராக்குகள் ஆச்சரியப்படும் அளவு மெலிந்திருக்கும். இதற்கு நேரெதிரான பாடம் வேண்டுமா? 1988-இன் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேளுங்கள். பேஸ் காதுக்கே எட்டாத அளவுக்கு மிக்ஸில் அமுங்கிப்போன ஆல்பம் அது. ரசிகர்களுக்கு வருத்தம், நமக்கு ஆய்வுக்கூடம்.

பிறகு அடுக்கு. ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) இரண்டு முறை, சில சமயம் நான்கு முறை வாசித்து இருபுறமும் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் சுவர்போல அகலமாகக் கேட்கிறது. வீட்டில் ஒற்றைக் கிட்டாரை வாசித்துவிட்டு 'என் ஆம்பில் அந்த அகலம் வரவில்லையே' என்று வேறு ஆம்ப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்றும் உண்டு. அடுக்க அடுக்க டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, கூடித் தெரியும். அதனால் ஸ்டுடியோவில் கெய்னை நாம் நினைப்பதைவிடக் குறைத்தே வைப்பார்கள்.

பெடல் சில நேரம் ஆம்பையே விழுங்கிவிடும். 1990-இல் வந்த என்டூம்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவானது. ரம்பம் அறுப்பதுபோன்ற அந்த ஸ்வீடன் டெத் மெட்டல் ஒலிக்கு ஆம்பைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அதன் அடையாளம் பாஸ் எச்எம்-2 என்ற பெடல், நான்கு குமிழும் கடைசிவரை திருப்பியபடி. பின்னால் எந்த ஆம்பை வைத்தாலும் முக்கால் பங்கு ஒலி அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட ரெக்கார்டில் 'ஆம்ப் எது' என்பதே தவறான கேள்வி.

ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பெடலின் வேலை வேறு மாதிரி. மெட்டல்காரர்கள் அதன் டிரைவைப் பூஜ்யத்தில் வைத்து, லெவலை முழுக்க ஏற்றி, ஏற்கெனவே கொதிக்கிற ஆம்புக்கு முன்னால் போடுவார்கள். டிஸ்டார்ஷனுக்காக அல்ல. அது ஆம்புக்குள் போகும் கீழ்ச்சுருதியைக் குறைத்து நடுச்சுருதியைத் தூக்கும். விளைவு, உள்ளங்கை விளிம்பால் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாம் மியூட் 'தொம்' என்று பரவாமல் 'டக்' என்று நிற்கும். இறுக்கமான பாம் மியூட் கேட்டால் முதலில் பூஸ்டர் பெடலைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் ஆம்பை.

ஸ்பீக்கரும் மைக்கும்தான் பெரிய ஏமாற்றுக்காரர்கள், இங்கே கொஞ்சம் நிற்போம். பெரும்பாலும் நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் உள்ள கேபினட். அதன் துணிக்கு மிக அருகில் ஷூர் எஸ்எம்57 மைக். இந்தக் கூட்டணியில் பதிவான ரெக்கார்டுகளுக்குக் கணக்கில்லை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தச் சரிவு இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராகக் கேட்டால் தேனீக்கூட்டில் தலையை விட்டதுபோல் இருக்கும். அதாவது நாம் விரும்பும் ஒலியின் உருவத்தை வெட்டி அமைப்பதே ஸ்பீக்கர்தான்.

இதைப் படித்து நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஆம்பின் ஒலியைக் கணினியில் தரும் பல மென்பொருள்களில் மைக்கை நகர்த்த வசதி இருக்கும். ஒரு ரிஃப்பைச் சுற்றவிட்டு, மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடு மூடிக்கு நேராக வையுங்கள். கூராக, பல்லில் படுவதுபோல் இருக்கும். ஒரு அங்குலம் ஓரத்துக்கு நகர்த்துங்கள். கூர் மழுங்கி, நடுப்பகுதி புடைக்கும். இன்னொரு அங்குலம்: போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். ஆம்பில் ஒரு குமிழைக்கூடத் தொடவில்லை. இனி ஆம்பை மாற்றிப் பாருங்கள், மைக்கை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு. பெரும்பாலும் இந்த மாற்றம் சின்னதாகத் தெரியும். முதல் தடவை இதைச் செய்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அதுவரை பேசியதெல்லாம் நினைவுக்கு வந்து.

ஸ்பீக்கர்களில் இரண்டைக் காதுக்குப் பழக்குங்கள். செலஸ்டியன் வின்டேஜ் 30 மேல்நடுவில் முன்னே துருத்திக்கொண்டு பேசும். ஜி12டி-75 நடுவில் உள்வாங்கி, மேலும் கீழும் பளிச்சென்று இருக்கும். எண்பதுகளின் மார்ஷல் கேபினட்டுகளில் அதிகம் இருந்தது இது. மைக் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, கோத்தன்பர்க்கின் ஸ்டுடியோ ஃப்ரெட்மன் பெயரால் வழங்கும் முறை: இரண்டு எஸ்எம்57, ஒன்று நேராக, மற்றது சாய்வாக, இரண்டையும் கலப்பது.

ஆண்டு பொய் சொல்லாது

கழித்தது போக மிஞ்சியதை ஆம்போடு பொருத்துமுன் காலண்டரைப் பாருங்கள். இது மிக மலிவான சோதனை. ஆனாலும் யாரும் செய்வதில்லை. பீவி 5150 வந்தது 1992-இல். 1989-இல் பதிவான ஆல்பத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. மெசா டூயல் ரெக்டிஃபையரும் தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பிள்ளைதான். சொல்டானோ எஸ்எல்ஓ-100 1987. லைன் 6 பாட் 1998, ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006, கெம்பர் 2011. கடைசி மூன்றும் முக்கியம், ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்யும் கருவிகள் அவை. இவற்றுக்குப் பிறகு வந்த ஆல்பத்தில் ஆம்ப் என்ற பெட்டியே இல்லாமலும் இருந்திருக்கலாம். மெஷுகா அப்படிப்பட்ட லைன் 6 வெட்டாவில் ஆல்பமே பதிந்தவர்கள்.

வாசிப்பவர் பெயரில் வரும் சிக்னேச்சர் ஆம்ப்களிலும் இதே கவனம் தேவை. ஸ்லேயரின் கெர்ரி கிங் பெயரில் மார்ஷல் 2203கேகே என்றொரு ஆம்ப் இருக்கிறது, 2000களில் வந்தது. 'ரெய்ன் இன் பிளட்' 1986. ஆல்பம் முந்தி, ஆம்ப் பிந்தி. ஆனால் அவர் எந்தக் குடும்பத்து ஒலியை விரும்பினார் என்ற துப்பு அந்தப் பெயரில் இருக்கிறது: 2203 என்பது ஜேசிஎம்800 வரிசையின் நூறு வாட் மாஸ்டர் வால்யூம் ஆம்ப்.

குடும்பங்களைப் பழகுங்கள்

தொடக்கத்திலேயே மாடல் எண்வரை போக ஆசைப்படாதீர்கள். குடும்பத்தைச் சொல்ல முடிந்தால் அதுவே பெரிய விஷயம். மெட்டலில் அடிக்கடி சந்திக்கும் குடும்பங்கள் கொஞ்சம்தான்.

மார்ஷல் ஜேசிஎம்800 குரைக்கும். நடுச்சுருதி முன்னால் நிற்கும், கெய்ன் இன்றைய கணக்கில் குறைவு, கார்டுக்குள் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கும். பவர் வால்வு (ஒலியைக் கடைசியாகப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது) பெரும்பாலும் இஎல்34. மெசா மார்க் வரிசை மூடிய முஷ்டிபோல: இறுக்கம், வழவழப்பு, குறிப்பாக ஐந்து சறுக்குக் குமிழ் உள்ள கிராஃபிக் ஈக்வலைசர். ரெக்டிஃபையர் அகலமானது, கீழே தளர்ந்து ததும்பும், மேலே மணல் கொட்டியதுபோல ஒரு சரசரப்பு. கார்னின் 1994 முதல் ஆல்பத்தில் கேட்கலாம். பீவி 5150 அடர்த்தியானது. நிறுத்தினால்கூட உறுமுவதுபோலத் தோன்றும், இரைச்சலும் தாராளம், பவர் வால்வு 6எல்6. மெஷின் ஹெட்டின் 'பர்ன் மை ஐஸ்' நல்ல மாதிரி. இந்த ஆம்பைப் பீவியோடு சேர்ந்து கொண்டுவந்த கிட்டார்க்காரர் எடி வான் ஹேலன் அவர்களைவிட்டுப் போனபின் அதே ஆம்ப் 6505 என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஆகவே இரண்டையும் வேறுபடுத்திக் காதால் சொல்கிறேன் என்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். டிரான்சிஸ்டர் ராண்டால் காய்ந்த விறகு ஒடிவதுபோல. தொடுவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே இடைவெளியே இல்லாத உணர்வு.

இந்த வர்ணனைகளை மனப்பாடம் செய்து பிரயோஜனம் இல்லை. உங்கள் காதுக்கு உங்கள் சொற்கள் வேண்டும். எனக்கு 'குரைப்பு' என்பது உங்களுக்கு 'தகரம்' ஆகலாம். பரவாயில்லை, ஒரே பொருளுக்கு எப்போதும் அதே சொல்லைப் பயன்படுத்தினால் போதும்.

எச்சரிக்கை ஒன்று. மேலே பெயர்ப்பலகை ஒன்றாகவும் உள்ளே சுற்று வேறாகவும் இருக்கலாம். எண்பதுகளில் மார்ஷலைத் திறந்து கெய்ன் கூட்டித் தருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 1984 தொடக்கத்தில் பாஸ்டனில் மெட்டாலிகாவின் கருவிகள் திருடுபோயின. ஹெட்ஃபீல்டின் மாற்றியமைத்த மார்ஷலும் அதில் போனது. சில வாரங்களில் கோபன்ஹேகனில் 'ரைட் தி லைட்னிங்' பதிவு. அந்த ஒலியைத் தர வேறு மார்ஷல் தேடி அலைய வேண்டியிருந்தது. பெயர்ப்பலகை ஒன்றேதான், ஆனால் எல்லா மார்ஷலும் அந்த மார்ஷல் ஆகாது.

காகிதச் சாட்சி

காது சொன்னதை இனி சாட்சிகளோடு ஒப்பிட வேண்டும். சாட்சிகளுக்குள் தரவரிசை உண்டு. பதிவு நடந்த நாட்களில் எடுத்த ஸ்டுடியோப் படம், பொறியாளரின் நேரடி விவரம் இவை முதலில். ஆல்பம் வந்த புதிதில் வாசித்தவர் கொடுத்த பேட்டி அடுத்து. இருபது வருடம் கழித்துக் கொடுத்த பேட்டிக்கு மதிப்பு குறைவு. அத்தனை ஆல்பம், அத்தனை ஆம்ப், யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? விளம்பரம் சாட்சியே அல்ல, அது ஒப்பந்தம்.

மேடைப் படமும் பலவீனமான சாட்சி. மேடைக்குப் போகும் ஆம்ப் பழுதானால் உடனே மாற்றக் கிடைக்க வேண்டும், அடி தாங்க வேண்டும். ஸ்டுடியோவுக்கு அந்தக் கவலை இல்லை. தயாரிப்பாளர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆம்பாக இருக்கலாம், வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். மேடையில் மலைபோல அடுக்கிய கேபினட்டுகளில் பாதி வெறும் கூடாக இருப்பதும் புதிதல்ல.

புதிய ஆல்பங்களில் இன்னொரு பொறி இருக்கிறது, ரீ-ஆம்பிங். கிட்டாரின் வெறும் சிக்னலை முதலில் பதிந்துவிட்டு, மாதங்கள் கழித்து வேறு ஊரில் வேறு ஆம்ப் வழியாக அதை ஓட்டி ஒலியைப் பதிவார்கள். வாசிக்கும்போது எடுத்த வீடியோவில் பக்கத்தில் தெரியும் ஆம்ப், ஆல்பத்தில் ஒரு நொடிகூட ஒலித்திருக்காது. வீடியோவில் ஆம்பைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காமல், கேபினட்டின் முன்னால் மைக் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு முறை சேர்ந்து செய்து பார்ப்போம்

'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்', 1986 மார்ச்சில் வெளியானது, பதிவு 1985 இறுதியில் கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில். தலைப்புப் பாட்டின் வேகமான ரிதத்தை எடுப்போம். ட்யூனிங் வழக்கமானது, எனவே தளர்ந்த கம்பியின் கனம் இல்லை. இருபுறமும் அடுக்கு, ஒரே கை. எல்லாம் கீழ்நோக்கிய பிக் அடி. அந்த இடைவிடாத கூர்மையில் பெரும்பங்கு மணிக்கட்டின் வேலை, அதைக் கழித்துவிடுங்கள்.

மிச்சம் என்ன? பாம் மியூட்டில் கீழே இறுக்கம், மேலே தெளிவு, நடுவில் ஒரு பள்ளம். ஜேசிஎம்800 என்றால் அந்த நடுப்பகுதி குரைத்திருக்க வேண்டும். குரைக்கவில்லை. காலண்டர்: 5150 இல்லை, ரெக்டிஃபையர் இல்லை. நடுவில் குழி தோண்டத் தோதான கருவி அன்றைக்கு யாரிடம் இருந்தது? மெசா மார்க் வரிசையில். அதன் ஐந்து சறுக்குகள் 80, 240, 750, 2,200, 6,600 ஹெர்ட்ஸில் நிற்பவை. 750-ஐ இறக்கி இரு ஓரத்தையும் ஏற்றினால் 'வி' வடிவம். காகிதச் சாட்சியும் அங்கேயே கைகாட்டுகிறது: ஹெட்ஃபீல்டின் மெசா மார்க் டூ-சி ப்ளஸ். அதன் முன்பகுதியை மட்டும் எடுத்து மார்ஷலின் பவர் பகுதி வழியாக ஓட்டினார்கள் என்று இசைக்கருவிக் கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பார்த்தீர்களா, விடை ஒரு பெயராக வரவில்லை. பாதி மெசா, பாதி மார்ஷல். 'எந்த ஆம்ப்' என்று ஒருமையில் கேட்டதே நம் தவறு.

ஒத்திப் பார்ப்பது

சந்தேகப்படும் ஆம்பை மென்பொருளில் ஏற்றி, அதே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து இருபுறமும் வைத்து, ரெக்கார்டோடு மாறி மாறிக் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் இதற்குப் போதும். இரண்டின் சத்த அளவையும் சமமாக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். கொஞ்சம் உரக்க இருப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றும், காதின் பிறவிக் குணம் அது. முடிந்தால் இன்னொருவரை மாற்றச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள். எது எதுவென்று தெரிந்தபடி நான் கேட்டபோது பத்துக்குப் பத்து. தெரியாமல் கேட்டபோது பத்துக்கு ஆறு, அதுவும் தூக்கிப் போட்ட காசுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் அலைவரிசைப் படம் எடுத்தும் பார்க்கலாம். அது ஸ்பீக்கரின் சரிவைக் காட்டும், மிக்ஸில் கீழே வெட்டிய இடத்தைக் காட்டும், நடுப்பள்ளத்தைக் காட்டும். ஆம்பின் பெயரைக் காட்டாது. இரண்டு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன என்பதற்காக ஆம்பும் ஒன்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த ஆம்பையும் ஈக்வலைசரால் எந்த வளைவுக்கும் வளைக்கலாம். வளைக்க முடியாதது கைக்கும் ஒலிக்கும் நடுவே உள்ள உறவு. மெதுவாக அடித்தால் எவ்வளவு சுத்தமாகிறது, பாம் மியூட்டை விட்டதும் எவ்வளவு வேகமாக எழுகிறது. கடைசியில் ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

கண்டதை எழுதி வைக்கும்போது பெயரோடு நம்பிக்கையின் அளவையும் எழுதுங்கள். என் நோட்டில் நான்கு பத்தி: பாட்டும் பக்கமும், காது சொன்னது, சாட்சி சொன்னது, உறுதி. உறுதிப் பத்தியில் மூன்றே சொற்கள்தான் அனுமதி: 'நிச்சயம்', 'குடும்பம் மட்டும்', 'தெரியாது'. முதல் பக்கத்தில் பான்டேரா இருக்கிறது. 'வால்வு, நிச்சயம்' என்று எழுதி, அடித்து, பக்கத்தில் ராண்டால் என்று திருத்தியிருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கங்களில் 'தெரியாது' கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.